மாப்பிள்ளைக்கு ஒரு சம்பளச் சீட்டு

ராயபுரத்துப் பெண் வீட்டில் ஜோவைப் பிடித்துவிட்டது. அவனுக்கும் ரூத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்து வேறு நினைப்பில்லை. பெண்ணின் அம்மா அடைக்கலமேரி மட்டும் இழுத்தாள்.

"போன மாச சம்பளச் சீட்டு கொண்டாந்து காட்டிடு தம்பி. தப்பா எடுத்துக்காத."

ஜோ திருவொற்றியூரில் மனோகரனின் லேத் பட்டறையில் டர்னர். சம்பளச் சீட்டை அவன் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை. மாதம் பிறந்தால் மனோகரன் கையில் நோட்டைத் திணிப்பார். வருகைப் பதிவேடு அவர் தலைக்குள் இருந்தது. அவருக்கு மூடு நன்றாக இருந்தால்தான் அது திறக்கும்.

தயங்கிக் கேட்டான். முதலாளி சிரித்தார்.

"இதுக்கா நைனா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? எவ்ளோ போடட்டும்?"

"பதினெட்டாயிரம்தானே மொதலாளி தர்றீங்க."

"பதினெட்டுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? நாப்பது போட்டுக்கோ. என் மொய்."

டோல்கேட் ஜெராக்ஸ் கடையில் சீட்டு தயாரானது. அசலாகத் தெரிய வேண்டுமே என்று பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் வரை போட்டு, முத்திரை குத்திக் கையெழுத்தும் வைத்தார் மனோகரன்.

ரூத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருக்கிறாள் என்பதை ஜோவிடம் யாரும் சொல்லவில்லை. சீட்டை வாங்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நாப்பதாயிரம் வாங்குறவருக்கு ஈ.எஸ்.ஐ. புடிக்க மாட்டாங்களே. பி.எஃப். நம்பரையும் காணோம்."

ஜோ ஒப்புக்கொண்டான். "டுபாக்கூருங்க. நெசமா பதினெட்டுதான்."

"அப்போ பதினெட்டுன்னே சீட்டு கொண்டாங்க. இல்லன்னா இந்தப் பேச்ச இதோட வுட்டுடலாம். சீட்டு குடுக்கறது மொதலாளி தயவு இல்ல, சட்டத்துலயே கீது."

மறுநாள் ஜோ போய் நிஜச் சீட்டு கேட்டான். நாற்பதுக்கு மலர்ந்த முகம் பதினெட்டுக்குக் கறுத்தது.

"நெசத்த எழுதிக் குடுத்தா லேபர் ஆபீஸ்காரன் வந்து பதிவேடு எங்கன்னு கேப்பான். பட்டறை மொத்தமும் வரிசைல நிக்கும். வேணா அம்பது போட்டுத் தரட்டா?"

"வேணா மொதலாளி. குடுத்த சீட்டே போதும். நாப்பதாயிரம்னு நீங்களே கையெழுத்து போட்டுக் கீறீங்க. அதுல புடிச்ச பி.எஃப். பணம் எங்க போச்சுன்னு லேபர் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

மனோகரன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மொய் வெச்சவன் கழுத்துலயே கத்தி வெக்கிறியே மாமு."

"கல்யாணம் நின்னுடும்போல கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

ஆடிட்டர் வந்தார். புதிதாகப் பதிவேடு வந்தது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டிலும் பெயர் ஏறியது. சம்பள நாளில் ஜோ சீட்டோடு வெளியே வந்தபோது, பேரன் பேத்தி எடுத்த பட்டறைத் தொழிலாளி மாரியப்பன் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

"எனக்கும் பொண்ணு பாத்துகினு கீறாங்க மொதலாளி. சீட்டு?"

ரூத் இந்தச் சீட்டை வரி வரியாகப் படித்தாள்.

"புடித்தம் போக கைக்கு வர்றது இன்னும் கொறஞ்சிடுச்சிங்க," என்றான் ஜோ, தரையைப் பார்த்து.

அவள் கைப்பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து நீட்டினாள். "இது என்னுது. இருபத்திரெண்டு. ரெண்டையும் சேத்து வெச்சா குடும்பம் நடத்திடலாம். நீங்கதான் என்னுத கேக்கவே இல்ல." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பங்கு சாமியாரப் பாத்து மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிடு."