கழுவிய முப்பது

தீயில் எரிந்த மேட்டில் இரண்டு முறை நட்டும் கன்றுகள் பிழைக்கவில்லை. நாற்றுப் பண்ணையில் எல்லாரும் மழையைத் திட்டினார்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரியான அவள் மட்டும் ஆவி டிரம்மைத் திட்டினாள். நோய் வரக்கூடாதென்று மண்ணை அதில் வேகவைத்துப் பையில் நிரப்புவது பண்ணை வழக்கம். நோயோடு சேர்ந்து, வேரைப் பற்றிக்கொண்டு அதற்கு எட்டாத நீரையும் சத்தையும் இழுத்துத் தரும் பூஞ்சையும் வெந்து செத்தது.

"மண்ண சமைச்சா மரம் எப்படி சார் வரும்?" என்று மேலாளரிடம் கேட்டேவிட்டாள்.

"படிச்ச திமிரு! அறுபது பை தர்றேன், மேட்டுல நிக்க வெச்சுக் காட்டு. இல்லேன்னா டிரம் பத்தி வாயே திறக்கக் கூடாது."

பழங்காட்டு மரத்தடியிலிருந்து மண் அள்ளிவந்து அறுபதிலும் கலந்தாள். ஐந்தாம் மாதம் வேரெங்கும் வெள்ளை நூலாய்ப் பூஞ்சை ஓடியது. நடும் நாள் காலையில் வந்து பார்த்தால், அங்கேயே பை நிரப்பும் அவள் அம்மா, முப்பது கன்றுகளை உருவி, வேரைத் தேய்த்துக் கழுவி, பூஞ்சைக்கொல்லியில் முக்கி, வெந்த மண்ணில் வைத்து முடித்திருந்தாள்.

"உன் பையில மட்டும் பூசணம்டி. மானம் போயிடுமேன்னு கழுவினேன்."

"ஐயோ, அந்தப் பூசணத்துக்குத்தாம்மா அஞ்சு மாசம் காத்திருந்தேன்!"

"வாயத் திறந்து சொன்னியா? மேனேஜர்கிட்ட மணிக்கணக்கா பேசு, பெத்தவகிட்ட உர்ருனு இரு!"

சுருக்கென்று தைத்தது. உண்மைதானே? கழுவிய முப்பதை ஒரு பக்கமும் கழுவாத முப்பதைப் பக்கத்திலும் நட்டாள்.

அடுத்த கோடை முடிந்ததும் மேலாளர் மூச்சிரைக்க மேடேறி, தானே எண்ணினார். கழுவாததில் இருபத்தேழு, முழங்கால் உயரத்தில் பச்சைப்பசேலென்று நின்றன. கழுவியதில் மிஞ்சிய ஒன்பதும் மஞ்சள் நோஞ்சான்கள்.

"அறுபதும் நின்னிருந்தா, நல்ல மழைன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். பக்கத்துல இதையும் வெச்சுட்டியே, எங்க தப்பிக்கிறது?" என்று தலையைச் சொறிந்தார். "நல்ல யோசனைம்மா."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் கூடவே மேடேறி வந்திருந்த அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"அது என் யோசனை சார். கழுவினது நான்தான்!"

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அந்த டிரம்மையும் நீங்களே கழுவிடுங்க. இனிமே அதுல தண்ணி பிடிச்சு வெப்போம்."