இரண்டு நொடி

"ஃபிளாஷ் அடிச்ச உடனே எந்திரிச்சிடாதேண்ணா. நான் சரின்னு சொல்ற வரைக்கும் அசையாதே" என்றபடி கேமரா முக்காலியின் திருகை இறுக்கினாள் ஸ்டூடியோ வைத்திருக்கும் தங்கை.

அம்மாவுக்கு வெளிச்சம் ஆகவில்லை என்று நாலு நாளாக ஜன்னல் திரை மூடியே கிடந்தது. வெறும் ஃபிளாஷில் எடுத்தால் முகங்கள் மட்டும் வெளுத்து, அறை இருண்டு போகும். ஷட்டரை இரண்டு நொடி திறந்து வைத்தால்தான் திரையில் கசிகிற வெயிலும், கட்டிலும், மருந்து மேசையும் படத்தில் வந்து சேரும்.

"ஃபிளாஷ் கூசும்மா. கண்ணை மூடிக்கோ."

"எட்டு வருஷம் கழிச்சு வந்திருக்கான். கண்ணை மூடிக்கிட்டா பாப்பேன்?" அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபிளாஷ் அடித்தது. அண்ணன் சட்டென்று கையை உருவிக்கொண்டு எழுந்தான். ஷட்டர் மூடும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

"உக்காருண்ணா, இன்னொண்ணு எடுத்துடறேன்."

"கார் நிக்குது. வீட்டை வாங்கறவரு காத்துக்கிட்டிருக்காரு. வந்து உக்கார்றேன்."

அம்மா கட்டிலோரத்தில் விரல்களால் துழாவினாள். "போயிட்டானா?"

"வாசல்லதாம்மா நிக்கிறான்."

அம்மா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு மணிக்கு மூச்சு நின்றது. அண்ணன் வரும்போது ஆறரை.

மறுநாள் காலை, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, பின்கட்டில் அவள் படம் கழுவும் இருட்டறைக்கு வந்து நின்றான்.

"அந்தப் படம் எங்கே? எல்லாரும் கேக்கறாங்க. கடைசியா நான் பக்கத்துல இருந்தேன்ல."

தொட்டியிலிருந்து எடுத்து, சொட்டச் சொட்ட அவனிடம் நீட்டினாள். கதவுப்பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அம்மாவின் ஒவ்வொரு நரைமுடியும் துல்லியமாக விழுந்திருந்தது. அவனுடைய நெஞ்சின் வழியாக நாற்காலியின் கம்பிகள் தெரிந்தன. அம்மாவின் விரல்களுக்குள் அவன் கை புகைபோல இருந்தது.

"என்ன இது? நாற்காலி தெரியுது."

"ஃபிளாஷ்ல மட்டும்தான் நீ இருந்தே. மீதி நேரம் நாற்காலிதான் இருந்துச்சு."

"வேணும்னு செஞ்சியா?"

அவள் தொட்டித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள்.

கூடத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள், தூக்கப் போகிறார்கள், பிள்ளை வர வேண்டும் என்று. படத்தை எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்தான். மேசையில் வைத்தால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, முன்னால் போய்த் தோள் கொடுத்தான்.

தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுடைய வெள்ளைச் சட்டையில் ஈரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.