பெரியம்மாள் சுனையைக் கெடுத்த கதை

சைலஸ் சாரின் பூட்ஸைப் பார்த்ததுமே அவர் எவ்வளவு தூரம் ஏறுவார் என்று பெரியம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. மலைக்கு வருகிறவன் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று மாட்டிக்கொண்டு வந்தால் வேறென்ன நினைப்பது?

அவளுடைய ஊரான புளியங்கொல்லைக்கு மேலே நிற்கிற பாறையை உடைத்து ஜல்லியாக்க ஒரு கம்பெனி கேட்டிருந்தது. குவாரி வந்தால் தண்ணீர் கெடுமா, ஊற்று வற்றுமா என்று பார்த்துச் சொல்ல அந்தக் கம்பெனியே சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆள்தான் சைலஸ். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை.

பாறைக்கு அடியில் மூன்று சுனைகள். கீழ்ச்சுனை அவளுடைய சாமைக்கொல்லை ஓரத்தில். மற்ற இரண்டுக்கும் மூச்சு வாங்க ஏற வேண்டும். ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. பாறையில் வெடி வைத்து ஊற்றுக்கண் அடைபட்டுப்போனால் ஆட்டையும் மாட்டையும் விற்றுவிட்டுச் செங்கத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

படித்தவர்கள் எல்லாம் கண்ணிருந்தும் குருடர்கள் என்பது பெரியம்மாளின் தீர்மானம். ஊருக்குத் தலைவரான கவுண்டர் வேடியப்பனையும் அவள் மதித்ததில்லை. மீசைக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். ஆகவே யாரிடமும் யோசனை கேட்காமல் அவளே ஒரு முடிவு கட்டினாள். தண்ணீர் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது என்று தெரிந்தால், இதற்கு மேல் கெடக் கூடாது என்று பயந்து சர்க்கார் குவாரிக்குத் தடை போட்டுவிடும் அல்லவா?

சைலஸ் வருகிற அன்று காலையில் பட்டியிலிருந்து ஆட்டுப் புழுக்கையை அள்ளி ஊறவைத்து, நிறம் தெரியாதபடி பழைய சேலையில் வடிகட்டிக் கீழ்ச்சுனையில் ஊற்றினாள். யாரும் குடித்துவிடக் கூடாதே என்று, சுனையில் பாம்பு விழுந்துவிட்டதாக ஒரு பொய்யையும் அவிழ்த்துவிட்டாள்.

ஊற்றி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுனை கன்னிமார் இருக்கிற இடம். அதில் வேண்டுமென்றே அசுத்தம் செய்தவர் அடுத்த ஆடிப் பூசை வரைக்கும் எந்தச் சுனையையும் தொடக் கூடாது. அடுத்தவர் மொண்டு ஊற்றினால்தான் தண்ணீர். ஆடி இப்போதுதான் போயிருந்தது. ஆனால் தெரிந்தால்தானே?

சைலஸ் கீழ்ச்சுனையோடு நின்றுவிட்டார். மூன்று பாட்டிலையும் அங்கேயே முக்கினார். மூன்றிலும் வெவ்வேறு சுனையின் பெயரை எழுதி ஒட்டினார். நிழலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு இறங்கிப் போனார். சோம்பேறிப் பயல் என்று கொல்லையிலிருந்தே முணுமுணுத்தாளே தவிர, அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். சைலஸ் மைக்கைப் பிடித்தார்.

"மூணு சுனையிலயும் கிருமி ரொம்ப அதிகம். மனுஷன் குடிக்கவே லாயக்கில்லாத தண்ணி. அதனால குவாரி வந்தா குடிதண்ணி கெட்டுடும்ங்கிற பேச்சுக்கே இடமில்லை."

பெரியம்மாளுக்குக் காது அடைத்தது. தன் வாயில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதும், கூடவே ஊர் வாயிலும் போட்டதும் அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களைக் குருடர்கள் என்றாளே, அவளைவிடப் பெரிய குருடி அந்த மண்டபத்தில் யார்? வெட்கமும் ஆத்திரமுமாக வந்தது.

வேடியப்பன் எழுந்தார். "சார் மேல ஏறவே இல்லீங்க."

சைலஸ் சிரித்தார். "நான் ஏறலைன்னு நீங்க சொல்றீங்க, ஏறினேன்னு நான் சொல்றேன். லேப் ரிப்போர்ட் பொய் சொல்லுமா ஐயா?"

வேடியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேடையில் இருந்த அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார்.

பெரியம்மாள் எழுந்துபோய் மைக்கை வாங்கினாள்.

"இன்னா சார், ரிப்போர்ட்டு பொய் சொல்லாதா? அப்போ நான் நெஜம் சொல்றேன் கேளு. கீழ்ச்சுனையில ஆட்டுப் புழுக்கையைக் கரைச்சு ஊத்துனவ நான்தான். அது ஒண்ணுலதான் ஊத்துனேன். மேல இருக்கிற ரெண்டு சுனையிலயும் அந்த நாத்தம் எப்படி ஏறிச்சு? தண்ணி கீழருந்து மேல ஓடிச்சா? நீ உக்காந்து பிஸ்கட் துன்ன எடத்துலயே மூணு பாட்டிலும் ரொப்புன சார். சொகுசு காலு உனக்கு, மலை ஏறுமா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "இன்னைக்கே உங்க ஆளை அனுப்புங்க. மேல் சுனையில ஒரு கிருமி இருந்தாலும் குவாரிக்கு நானே கைநாட்டு வெக்கிறேன்."

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். மூன்று சுனைக்கும் கிருமி ஒரே அளவில் இருந்தது. சைலஸிடம் காட்டி விளக்கம் கேட்டார். அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். அந்த அறிக்கை செல்லாது, வேறு ஆளை வைத்து எல்லாரும் பார்க்க மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டும், அதுவரை குவாரிப் பேச்சு கிடையாது என்று அதிகாரி அறிவித்தார்.

வெளியே வந்ததும் ஊர்ச்சனம் அவளைச் சூழ்ந்துகொண்டது. ஆனால் யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வேடியப்பன்தான் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, வாயாலயே சொல்லிட்டியே. ஆடி வரைக்கும் சுனைப் பக்கம் உன் கை..."

"தெரியும் மாமா, தொடமாட்டேன்" என்றாள் பெரியம்மாள். "தண்ணின்னு ஒண்ணு இருந்தாத்தான தொடாம இருக்க முடியும்?"