கவிழ்த்து மாட்டிய தகடு

அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அவர் முகத்தில் மாட்டினாள் ஃபெம்கே. அம்மா ஹில்லி வந்து பார்த்துவிட்டு அதைக் கழற்றினாள். படுக்கும்போது அவர் போட மாட்டார் என்றாள். நெதர்லாந்தின் லைடன் நகரத்து வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலருகே, ஐந்து நாளாகச் சவப்பெட்டி திறந்தே இருந்தது. பத்து மணிக்கு மூட வேண்டும்.

அப்பா சீட்ஸே புதன்கிழமை மதியம் இறந்தார். இதயம் பலவீனம்தான், ஆனாலும் கோடைவரை தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் ஃபெம்கே ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட்டாள்.

அப்பாவும் மகளும் இயற்பியல்காரர்கள். வெற்றிடத்தில் இரண்டு தகடுகளை மயிரிழையைவிட நெருக்கமாக வைத்தால், நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஒன்றையொன்று இழுக்கும். அவர்களுக்கு அது பழைய சங்கதி. புதுவகைப் பொருள்கள் சில உண்டு, உள்ளே மின்சாரம் ஓடாது, மேல்தோலில் மட்டும் ஓடும். அவற்றின்மேல் காந்தப்பூச்சு கொடுத்துத் திசையைச் சரியாக அமைத்தால் இழுக்காது, தள்ளும் என்று சீட்ஸே பதினோரு வருடம் கணக்குப் போட்டார். அளந்து பார்த்தவள் மகள். தள்ளவில்லை, இழுத்தது. நாலு வருடத்துக்கு முன் அதை அப்படியே அச்சில் போட்டாள். அப்பா தபாலில் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார், சுத்தமான வேலை என்று எழுதி. அதோடு சரி. ஞாயிறுதோறும் வருவாள். ஒரு காபி, ஒரு பிஸ்கெட், கொஞ்சம் மழை பற்றிய பேச்சு, கிளம்பிவிடுவாள்.

போன மாதம் கருவியைக் கழற்றித் துடைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு தகடுகளையும் மேசைமேல் மல்லாக்க வைத்துத்தான் காந்தத் திசையைக் குறித்திருந்தாள். ஒன்றை மற்றதன்மேல் கவிழ்த்து மாட்டியபோது அதன் திசையும் கவிழ்ந்துவிட்டது. முதல் வருட மாணவன் செய்தாலே அசடு வழிய வேண்டிய தப்பு. திசையைச் சரிசெய்து அளந்தாள். தள்ளியது.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று முறை அளக்காததை வாய்விட்டுச் சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. மூன்று ஞாயிறு வந்து, மென்று முழுங்கிவிட்டுப் போனாள். மூன்றாவது அளவு முடிந்தது வியாழக்கிழமை, அவர் போன மறுநாள்.

ஒன்பதரைக்கு யோஸ்ட் வந்தார். அப்பாவோடு முப்பது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவர். சமையலறையில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்கப்பாவுக்குத் தெரியும்மா. உன் கட்டுரை வந்த வாரமே தெரியும். ரெண்டாவது படத்துல தகடு ரெண்டும் மேசைமேல மல்லாக்க இருந்ததைப் பாத்ததும் சிரிச்சிட்டார்."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"தோத்த கிழவன் சாக்குச் சொல்றான்னு நெனப்பியாம். அவளா கண்டுபிடிச்சு வரட்டும்னார். வீம்பு. ஞாயித்துக்கிழமை நீ கிளம்பினதும் எனக்குப் போன் வரும். இன்னிக்கும் மழையைப் பத்தித்தான் பேசினாம்பார்."

ஃபெம்கேவுக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அது நிற்கவில்லை, தன்மேலேயே திரும்பியது. அந்த மூன்று ஞாயிறுகளில் ஒன்று, ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

முன்னறையில் இறுதிச்சடங்கு நடத்தும் பெண் மூடியைச் சுவரில் சாய்த்துக் காத்திருந்தாள். மூடுவது வீட்டார் வேலை. தலைமாட்டில் ஃபெம்கே, கால்மாட்டில் அம்மா. பாதி இறக்கியபோது ஃபெம்கே நிறுத்திவிட்டாள்.

"தகட்டைக் கவுத்து மாட்டிட்டேன்பா," என்றாள். "தள்ளுதுப்பா. மூணு தடவையும் தள்ளுச்சு."

யோஸ்ட் தரையைப் பார்த்தார்.

"கை வலிக்குது கண்ணு," என்றாள் அம்மா. "வை."

வைத்தாள். திருகாணிகள் ஆறு. அம்மா தன் பக்கத்து மூன்றையும் முடுக்கிவிட்டு, கோட்டு எடுத்து மாட்டப் போனாள். ஃபெம்கே இன்னும் முதல் திருகாணியிலேயே இருந்தாள்.