வெளுத்த ஓரங்கள்

அரசர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் புத்தி சொல்லும் ஆதிகாலத்து அச்சுப் புத்தகங்கள் வக்கீல் எர்மெத்தே ஸனார்தியிடம் நூற்றெண்பது இருந்தன. எல்லாம் நானூறு, ஐந்நூறு வருஷத்துச் சரக்கு. அதில் ஒன்றையாவது அவர் படித்திருந்தால் என் பட்டறைக்கு வந்திருக்க மாட்டார். இத்தாலியில், பொலோஞ்ஞா நகரத்தில் பழைய ஏடுகளைக் கழுவிக் கட்டுவது என் தொழில். அவருக்கோ ஏடு என்றால் சலவைச் சட்டை மாதிரி இருக்க வேண்டும்.

கோட்டை முற்றுகை பற்றிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் யாரோ ஒரு படைத்தலைவன் கைப்பட எழுதிய குறிப்புகள்.

“இந்தக் கிறுக்கல் ஒண்ணு விடாம போயிடணும், நோர்மா.”

“போர்ல நின்னவன் எழுதினது, வக்கீலய்யா. அச்சைவிட இதுக்குத்தான் மதிப்பு.”

“நீ மருந்தைக் கலக்கு. மதிப்பை நான் பாத்துக்கறேன்.”

அச்சு மையை விட்டுவிட்டுக் கை மையை மட்டும் வெளுக்கும் மருந்தில் முக்குவதற்கு முன் படித்தேன். ‘பத்தே நாளில் எதிரி பட்டினியால் பணிவான்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் அவன் எழுதியிருந்தான்: ‘செய்து பார்த்தேன். பட்டினி கிடந்தது நாங்கள்தான்.’ அதையும் வெளுத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷரைத் திட்டும்போதெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

புத்தகங்களை நகர நூலகத்துக்குக் கொடுத்து, அங்கே ஒரு கூடத்துக்குத் தன் பெயரை வைக்கவேண்டும் என்பது அவருடைய உயிர் ஆசை. நூலக இயக்குநர் கார்லோத்தி அம்மாள் பார்க்க வந்த அன்று ஸனார்தி என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார், தன் ஏடுகளின் வெண்மைக்குச் சாட்சியாக.

அந்த அம்மாள் நேரே முற்றுகைப் புத்தகத்தை எடுத்தார். பழைய விற்பனைப் பட்டியல் ஒன்றில் அதைப் பற்றி வாசித்திருந்தாராம். புரட்டினார். முகர்ந்தும் பார்த்தார்.

“ஓரத்துல எழுதியிருந்ததெல்லாம் எங்கே?”

“எவனோ சிப்பாய்ப் பய அசிங்கம் பண்ணி வெச்சிருந்தான். சுத்தமா எடுத்தாச்சு,” என்றார் பெருமையாக.

“அதுக்காகத்தான் கூடமே தர்றதா இருந்தோம். இந்த வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு அலமாரிகூட எங்ககிட்ட இல்லை.”

காப்பியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

ஸனார்தி நாற்காலியில் சரிந்தார். பாவமாகத்தான் இருந்தது, அவர் வாயைத் திறக்கும்வரை.

“நோர்மா, உனக்குப் பழைய மை காய்ச்சத் தெரியுமே. மறுபடி எழுதிடலாமா?”

“எழுதிடலாம், வக்கீலய்யா. அவன் என்ன எழுதியிருந்தான், சொல்லுங்க.”

பதினொரு வருஷம் அவர் வீட்டில் இருந்த புத்தகம் அது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.