ஒரு ஜாண் உயரம்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் காலை பத்து மணிக்கு, கிரேன் டிரைவருக்குக் கைச்சைகை காட்டுபவர்களுக்கான சிக்னல் தேர்வு தொடங்கியது. தேர்வுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருத்தி பெண்.

வியாசர்பாடி ரமாபாய் ஆறு வருடமாக அந்த யார்டில் கிரேன் தூக்கும் சரக்குக்கு பெல்ட் கட்டுகிறாள், கொக்கி மாட்டுகிறாள். சிக்னல் கார்டு கிடைத்தால்தான் கிரேன் அவள் கைக்குப் பணியும். போன வருடம் வாய்த்தேர்வில் போய்விட்டது. “கைய ஆட்டுனா போதாது, வார்த்தையும் தெரியணும்” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை நூலகத்தில் உட்கார்ந்து, தடித்த ஆங்கில அகராதியில் ஒரே ஒரு சொல்லைத்தான் படித்தாள்.

“லிஃப்ட்னா என்ன?” என்றார் தேர்வாளர் லூயிஸ்.

“தூக்குறது சார். வண்டில ஏத்திகினு போறதும் அதான், கடையில லவட்டறதும் அதான். ஆனா அது பொறந்தது காத்துலேர்ந்து. வடக்கே பனிக்கடல்ல கப்பல் ஓட்டுனவங்க காத்தை லொப்த்னு சொல்லுவாங்களாம். லிஃப்ட்னா காத்துல ஏத்துறது.”

“பாரத்தை மேலே உயர்த்துவது. புத்தகத்துல ஒரு வரிதாம்மா.” இருபதுக்கு எட்டு போட்டார். தேற மொத்தத்தில் நூற்றுக்கு எழுபது வேண்டும். செய்முறையில் எண்பதுக்கு அறுபத்திரண்டு எடுத்தாக வேண்டும்.

வரிசையில் நின்ற ரஷீது சிரித்தான். “யக்கா, பனிக்கடலுக்கே போய்ட்டியா? எண்ணூர் கடல் பத்தலியா?”

செய்முறைக்கு ஒரு மரப்பெட்டி. எட்டு நிமிடத்துக்குள் அதைத் தூக்கி டிரெய்லரில் இறக்க வேண்டும். ரஷீது நாலே நிமிடத்தில் முடித்தான். பெட்டி சாய்ந்தபடியே போய் டிரெய்லர் விளிம்பில் இடித்தது. “சும்மா லேசாத்தான்” என்றான் அவன். வேகத்துக்குத்தான் மார்க் என்று நினைத்து மற்றவர்களும் அப்படியே பறந்தார்கள்.

ரமாபாய் பெல்ட்டை மாட்டிவிட்டு விலகி நின்று, ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினாள். பெட்டி தரையைவிட்டு ஒரு ஜாண் எழும்பியது. விரல்களை முஷ்டியாக மூடினாள். கிரேன் நின்றது.

காற்றில் ஏற்றிய பொருள் இனி காற்றுடையது. எந்தப் பக்கம் சாய்வாய் என்று ஒரு ஜாணிலேயே அதைக் கேட்டுவிட வேண்டும். அகராதியை மூடும்போது அவளுக்குத் தோன்றியது இதுதான். யார்டில் பழைய ஆட்கள் எல்லோரும் இப்படி நிறுத்திப் பார்த்தவர்கள்தான். பிறகு வந்த அவசரத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பத்து வரை எண்ணினாள். கடற்காற்றில் பெட்டி மெல்லத் திரும்பியது. இடப்பக்கம் நாலு விரல் தாழ்ந்தது.

கிரேன் கேபினிலிருந்து டிரைவர் பெனிட்டோ கத்தினான். “இன்னாக்கா, பொட்டிகிட்ட ஜோசியம் கேட்டுகினுகீறியா?”

“ஆமா, உன் ஜாதகமும் சேத்துதான். எறக்கு!”

“நேரம் ஓடுது” என்றார் லூயிஸ்.

அவள் திரும்பவில்லை. பெட்டி தரையைத் தொட்டதும் பெல்ட்டை இடப்பக்கம் ஒரு முழம் நகர்த்தினாள். மறுபடி ஒரு ஜாண். மறுபடி முஷ்டி. இந்த முறை பெட்டி தண்ணீர் மட்டம் வைத்ததுபோல் நின்றது. விரல் சுழன்றது; பெட்டி நேராக ஏறி, டிரெய்லரில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஏழு நிமிடம் பத்து விநாடி.

லூயிஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். இடது ஓரத்தில் மட்டும் மணல்மூட்டைகள்.

“நான்தான் வெச்சேன். நிறுத்திப் பாக்குறீங்களான்னு பாக்கத்தான் வெச்சேன்.”

ரஷீது தலையைச் சொறிந்தான். பிறகு அவன்தான் முதலில் விசில் அடித்தான். கேபினிலிருந்து ஹாரன் மூன்று முறை முழங்கியது. ரமாபாய் ஹெல்மெட்டைக் கழற்றி, மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செய்முறையில் அவளுக்கு எழுபத்தெட்டு, மொத்தம் எண்பத்தாறு. ஒன்பது பேரில் தேறியது அவள் மட்டும். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டில் மூன்றாம் எண் கிரேனுக்கு ரமாபாய் சிக்னல் கொடுத்தாள்.