நெட்டையின் கைக்கு வைத்த சிலிண்டர்

வரவேற்பறைத் தரையில் குப்புறப் படுத்து, முதுகில் முக்குளிப்புக்கான இரட்டைக் காற்றுச் சிலிண்டரைச் சுமந்தபடி, பிடரிக்குப் பின்னால் இடது கையால் துழாவிக்கொண்டிருந்தேன். விரல் நுனி வால்வைத் தொட்டுவிட்டு நழுவியது. சோபாவில் உட்கார்ந்திருந்த என் கணவர் தோளைத் தளர்த்து, தோளைத் தளர்த்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்பவருக்கு என்ன, லிஃப்ட் மெக்கானிக். ஏணி இல்லாமலே ஃபேனைத் துடைக்கிற கை அவருக்கு.

திங்கட்கிழமை ஆழ்கடல் முக்குளிப்பின் மேல்நிலைப் பயிற்சி தொடங்குகிறது. நினைத்தவுடன் மேலே ஓடிவர முடியாத ஆழம் அது. எந்த வால்வு கசிந்தாலும் அவரவரே கையைப் பின்னால் நீட்டி மூட வேண்டும். முதல் நாள் நீச்சல் குளத்தில் அதைச் செய்து காட்டாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பயிற்சி கொடுக்கிற அம்மா ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

இத்தனை வருடம் கடலில் கிடந்தவளுக்கு ஒரு வால்வு எட்டாதா என்று யாரும் கேட்கலாம். எட்டவேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. படகில் எல்லோருக்கும் அவரும் நானும் நெட்டையும் குட்டையும். குதிக்குமுன் என் வால்வைத் திறப்பது நெட்டை. கீழே போனதும் பின்னால் வந்து மறுபடி திருகிப் பார்த்துவிட்டு, சிலிண்டரில் இரண்டு தட்டு தட்டுவதும் நெட்டை. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் எலும்பில் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வரும். அவளே செய்யட்டுமே என்று யாராவது சொன்னால், நான் எதற்கு இருக்கிறேன் என்பார். எனக்கும் அதில் பெருமைதான்.

கடலடியில் பேசும் சைகைப் பாஷை வீட்டுக்கும் வந்துவிட்டது. விருந்துக்குப் போன இடத்தில் கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்துவார். சாப்பாடு பிரமாதம் என்கிறார் என்று விருந்து வைத்தவர்கள் பூரித்துப்போவார்கள். முக்குளிப்பவர்களுக்கு அது ‘போதும், மேலே கிளம்பு’. சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் செருப்பைத் தேடுவேன்.

அப்புறம் அவர் செவிப்பறை கிழிந்தது. தைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. இனி தலைக்குக் குளிப்பதே ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்றார் டாக்டர். மூழ்கிய கப்பல் ஒன்றை நாங்கள் இருவரும் மேலிருந்தே பார்த்து ஏங்கியிருக்கிறோம். ஒருநாள் அங்கே இறங்கத்தான் இந்த இரட்டைச் சிலிண்டரை வாங்கி, தன் உடம்புக்கு ஏற்ற உயரத்தில் எஃகுப் பட்டை போட்டு முடுக்கி வைத்திருந்தார். நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஆரம்பித்ததும் அவர்தான்.

சிலிண்டர் எனக்குத் தாழ இருந்தது, அவ்வளவுதான் விஷயம். பட்டையைத் தளர்த்தி நாலு விரற்கடை மேலே ஏற்றினால் கைக்கு எட்டிவிடும். நாளெல்லாம் நட்டும் போல்ட்டுமாக இருக்கிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் துண்டைக் கையில் கொடுத்து எனக்குத் தோள் பயிற்சி சொல்லித்தந்துகொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்காமல் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். தளர்த்திவிட்டால் அது என்னுடையதாகிவிடும். கடலில் அவருக்கென்று எதுவும் இருக்காது.

இன்றைக்குத் தோள் பிடித்துக்கொண்டது. வலியா ஆத்திரமா தெரியவில்லை, தரையில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். அவர் எழுந்தார். உள்ளே போய் ஸ்பேனரோடு வந்து, கழற்று என்று சைகை காட்டினார். பட்டையின் நட்டுகள் கடற்காற்றில் உப்பேறி இறுகிக் கிடந்தன. முட்டியை ஊன்றி முழு பலத்தையும் போட்டபோது முனகிக்கொண்டு அசைந்தது ஒன்று.

"என் கைக்கு வெச்சது. உனக்கு எப்படி எட்டும்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

சிலிண்டரை நாலு விரற்கடை மேலே ஏற்றி, பட்டையை முடுக்கினார்.

மறுபடி மாட்டிக்கொண்டு படுத்தேன். மூடியது சரிதானா என்று தெரிய, இடது சிலிண்டரின் குழாயையே வாயில் கவ்விக்கொண்டேன். கையைப் பின்னால் விட்டதும் வால்வு உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. திருகினேன். காற்று மெலிந்து, நின்றது. இனி திறக்க வேண்டும். வியர்வையில் விரல் வழுக்கியது. வாயிலிருப்பதைத் துப்பிவிட்டு மூச்சு விடலாம்தான். கடலடியில் அது நடக்காது என்பதால் பல்லை இறுக்கிக்கொண்டேன்.

எதிரே அணைத்து வைத்திருந்த டிவியின் கறுப்புத் திரையில் அவர் தெரிந்தார். என் முதுகை நோக்கிக் குனிந்து கையை நீட்டினார். பாதியில் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கன்னம் உப்ப, தானும் மூச்சைப் பிடித்தபடி நின்றார்.